கண்ணுக்குச் சீரான எழுத்தும் பனுவலுக்குச் சீரான எழுத்தும்: கணிப்பொறியில் அரிய தமிழ்க் குறிகளின் வரலாறு

1. ஒரு பத்திரமும் ஒரு வகரமும்

தாராவியில் வாழும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று, தன் முன்னோர் எழுதிவைத்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருமாறு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொண்டுவந்தது. கைக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று மூலப் பத்திரத்தின் மங்கிய ஜெராக்ஸ் படி. மற்றொன்று, அதனைப் பார்த்து ஒரு டி.டி.பி. கடையில் தட்டெழுதி அச்சிட்ட தெளிவான படி. கண்ணுக்கு எளிது என்பதால் இரண்டாவதைக் கொண்டே வேலையைத் தொடங்கினேன். நன்செய் நிலம் பற்றிய ஒரு வரியில் 'வ' என்னும் எழுத்து தனித்து நின்றது. நான்கெல்லை கூறும் பத்திரங்களில் திசைப்பெயர்களை முதலெழுத்தால் சுருக்கி எழுதுவது உண்டு. எனவே அதனை 'வடக்கு' எனக் கொண்டு, நிலத்தின் வடபகுதி என்று பெயர்த்துவிட்டேன். வரைவைப் படித்துக் காட்டியபோது அக்குடும்பத்து மூதாட்டி இடைமறித்தார். "வடக்கு இல்ல ஐயா. கால் பங்குல்லா அது, எங்க மாமனார் பங்கு" என்றார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஜெராக்ஸ் படியைப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. மூலத்தில் இருந்தது வகரம் அன்று. நான்கில் ஒன்றைக் குறிக்கும் 'கால்' என்னும் பழைய பின்னக் குறி. கையெழுத்தில் அது வகரத்தை ஒத்திருக்கும். தட்டெழுதியவரின் எழுத்துருவில் அக்குறி இல்லை. எனவே உருவொத்த வகரத்தை இட்டிருக்கிறார். அவர் மீது குறை காண்பதற்கில்லை. தவறாகப் பெயர்த்தவன் நான். ஆயினும் ஒரு பங்கின் அளவு ஒரு திசையாக மாறியது எவ்வாறு என்று ஆராய்வது மொழியியலாளர் கடமை என்று தோன்றியது. அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

திரையில் தோன்றாத ஓர் எழுத்தைச் செப்பனிடுவது என்பதற்கு இருவேறு பொருள்கள் உண்டு. அவ்வடிவம் பார்ப்பவர் கண்ணுக்குக் கிடைக்குமாறு செய்வது ஒன்று. அவ்வடிவம் இன்ன எழுத்து என்னும் அறிவு பனுவலோடு நிலைத்திருக்குமாறு செய்வது மற்றொன்று. தமிழ்க் கணிப்பொறி வரலாற்றில் பெரும்பாலும் முதலாவதே நிகழ்ந்தது. அவ்விடங்களில் சேதம் குறையவில்லை, கூடிற்று என்பது என் கருத்து. வெற்றுப் பெட்டி தன் குறையைத் தானே அறிவித்துக்கொள்கிறது. உருவொத்த வகரம் அறிவிப்பதில்லை.

2. பெட்டியின் முன்னோரும் சீன, சப்பானியச் சான்றுகளும்

எழுத்து இல்லாத இடத்தில் ஏதேனும் ஒன்றை நிறுத்திவைக்கும் வழக்கம் கணிப்பொறிக்கு முந்தியது. சப்பானிய அச்சுக்கூடங்களில் வேண்டிய ஈய எழுத்து கிடைக்காதபோது, அச்சுக்கோப்பவர் வேறொரு எழுத்தைத் தலைகீழாகச் செருகிவைப்பார். அதன் அடிப்பகுதி தாளில் இரண்டு தடித்த கோடுகளாகப் பதியும். அது மரச் செருப்பின் சுவடு போல் இருப்பதால், அச்செருப்பின் பெயராகிய 'கெத்தா' என்பதே குறிக்கும் பெயராயிற்று. இன்றைய திரையில் தோன்றும் வெற்றுப் பெட்டி அதன் வழித்தோன்றல். சோயாக் கட்டியின் வடிவை ஒத்திருத்தலால் பெட்டியைத் 'தோஃபு' என்பர். கூகுள் நிறுவனம் உலகின் எழுத்துமுறைகளுக்கெல்லாம் உருவாக்கிய 'நோட்டோ' எழுத்துருத் தொகுதியின் பெயர், 'இனித் தோஃபு வேண்டா' என்னும் கருத்தில் அமைந்தது.

சீனத்தில் இச்சிக்கல் பெருவடிவில் எழுந்தது. 1980இல் வெளியான சீனத் தேசியத் தரத்தில் 6,763 சீன எழுத்துக்களே இருந்தன. அன்றாட எழுத்துக்கு இவை போதும். ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் போதா. 1998 முதல் 2003 வரை தலைமை அமைச்சராக இருந்த சூ ரோங்ஜியின் பெயரில் நடுவெழுத்து அத்தரத்தில் இல்லை. கணிப்பொறியில் அவர் பெயரை எழுதியவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒலி ஒத்து, உலோக உறுப்புக்கு மாறாக நெருப்பு உறுப்பைக் கொண்ட வேறோர் எழுத்தைச் சிலர் இட்டனர். உலோகத்தைக் குறிக்கும் எழுத்தையும் எஞ்சிய பாதியையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்றாகச் சேர்த்துப் படித்துக்கொள்ளுமாறு வேறு சிலர் விட்டனர். இரண்டும் கண்ணுக்காகச் செய்த சீர்திருத்தங்கள். அவ்விரு வழிகளிலும் எழுதப்பட்ட பனுவலில் சரியான எழுத்தைக் கொண்டு தேடினால் தலைமை அமைச்சர் அகப்படமாட்டார்.

ஆங்காங் அரசு வேறு வழியில் சென்றது. கான்டனீயப் பேச்சுக்கும் உள்ளூர்ப் பெயர்களுக்கும் வேண்டிய 4,702 வடிவங்களை 1999இல் ஒரு துணைத் தொகுதியாக வெளியிட்டது. உலகப் பொதுக் குறிமுறையில் அவற்றுட் பலவற்றுக்கு அப்போது இடமில்லாமையால், அதன் 'தனிப்பயன் பகுதி'யில் வைத்தது. தனிப்பயன் பகுதி என்பது ஊர்ப் பொதுப் புறம்போக்கு போன்றது. யாரும் குடிசை போடலாம், பட்டா கிடைக்காது. பின்னர் அவ்வெழுத்துக்களுக்கு முறையான இடங்கள் கிடைத்தபோது பழைய கோப்புகளை மாற்றவேண்டியதாயிற்று.

எழுத்து உண்டு, பனுவல் இல்லை என்னும் மறுதலை நிலைக்கும் சான்று உண்டு. 1978ஆம் ஆண்டுச் சப்பானியத் தரத்தில் எந்த நூலிலும் காணப்படாத சில எழுத்துக்கள் நுழைந்துவிட்டன. 'பேய் எழுத்துக்கள்' என்று இவற்றைக் குறிப்பர். 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது இவற்றின் மூலத்தைத் தேடினர். அவற்றுள் ஒன்று, ஓர் ஊர்ப்பெயருக்காக இரண்டு தாள் துண்டுகளை ஒட்டியபோது விழுந்த ஓரநிழலை ஒரு கோடு என்று எண்ணியதால் பிறந்தது. வேறொன்றின் மூலம் இன்றளவும் துலங்கவில்லை. ஆயினும் தரத்தில் ஏறியவை நீங்கா என்பதால், அவை உலகின் எல்லாக் கணிப்பொறிகளிலும் பிழையின்றித் தோன்றுகின்றன.

3. தமிழ்க் குறிகள் அரியவாயின வரலாறு

சீன எழுத்துக்களின் எண்ணிக்கைப் பெருக்கம் தமிழுக்கு இல்லை. 247 என்பது எண்ணி முடிந்த தொகை. ஆதலால் தமிழில் அரிய எழுத்துச் சிக்கல் இல்லை என்று பலர் கருதுகின்றனர். நெடுங்கணக்கை மட்டும் நோக்கினால் அது சரி. ஆனால் ஏடும் கணக்கும் பத்திரமும் நெடுங்கணக்கால் மட்டும் எழுதப்படவில்லை.

பின்ன வாய்பாட்டில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதன் இருமடங்கு அரைக்காணி. அதன் இருமடங்கு காணி, அதாவது 80இல் ஒன்று. மா என்பது 20இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் 16இல் ஒன்று. மாகாணி என்னும் பெயரே அக்கூட்டலைச் சொல்லிவிடுகிறது. சொல்லாக்கம் கணக்காகவே அமைந்த இத்தகைய தொகைச்சொற்கள் மொழியியலார் தனியே ஆராயத்தக்கவை. 'கீழ்' என்னும் குறியை முன்னே இட்டால் மதிப்பு மீண்டும் 320ஆல் வகுபடும். கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒரு பங்கு. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் உண்டு. நெல், உழக்கு, ஆழாக்கு, குறுணி, பதக்கு ஆகியவற்றுக்கும், காசு, பணம், பொன், வராகன் ஆகியவற்றுக்கும், நன்செய், புன்செய், உப்பளம், குழி, வேலி ஆகியவற்றுக்கும் குறிகள் இருந்தன. 'வகையறா', 'முதலிய', 'சில்வானம்' என்னும் சொற்களுக்குக்கூடச் சுருக்கக் குறிகள் வழங்கின. திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியில் இவற்றைப் பயின்றனர்.

இவை வழக்கொழியக் கணிப்பொறி காரணமன்று. 1956ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டமும், 1957 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த பதின்ம நாணய முறையும் அளவைகளையே மாற்றிவிட்டன. அளவை போனபின் குறிக்கு வேலையில்லை. அடுத்த தலைமுறையில் கணிப்பொறித் தரங்களை வகுத்தவர்கள் வாழும் வழக்கைக் கண்டே வகுத்தனர். எனவே குறிகள் அப்பட்டியலுக்கு வெளியே நின்றன. நிலமோ பழைய அளவையில் எழுதிய பத்திரத்தின் வழியேதான் இன்னும் கைமாறுகிறது.

வடிவம் அரிதாவதற்கு இன்னொரு காரணம் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935 முதல் தம் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும், ஒகர ஓகார உயிர்மெய்கள் சிலவும் ஆக 13 வடிவங்கள் மாறின. பிற்காலக் குறிமுறை இவ்விரு வடிவங்களையும் ஒரே எழுத்தாகவே கொண்டது. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்; லை எவ்வாறு வரையப்பட்டாலும் லை தான். ஆனால் 1950ஆம் ஆண்டு நூலொன்றைப் பதிப்பிப்பவர் அன்றைய வடிவத்தை அப்படியே காட்ட விரும்பினால், அவ்விருப்பத்தைப் பனுவலுக்குள் எழுதிவைக்க வழியில்லை, எழுத்துருவைத்தான் மாற்றவேண்டும். எழுத்துரு தவறினால் வேறுபாடும் தவறும். சப்பானிய எழுத்தாளர் மோரி ஓகாயின் பெயருக்கும் இதுவே நேர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவர் பெயர் எழுத்தின் மரபு வடிவம் நீக்கப்பட்டு, அதே இடத்தில் சுருங்கிய வடிவம் வைக்கப்பட்டது. பழைய பொறியில் ஒரு வடிவமும் புதிய பொறியில் மற்றொரு வடிவமும் தோன்றின, கோப்பு ஒன்றே.

4. தொண்ணூறுகளின் எழுத்துருக்கள்

1991இல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட இஸ்கி குறிமுறை, இந்திய மொழிகள் அனைத்திற்கும் தேவநாகரி வரிசையைப் பொதுச் சட்டகமாகக் கொண்டது. தமிழுக்கு வேண்டாத வர்க்க எழுத்துக்களின் இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. அதே சட்டகத்தில் தேவநாகரிக்குத் தமிழால் ஒரு பயனும் விளைந்தது: ழ, ற, ன ஆகியவற்றை எழுத அடிப்புள்ளியிட்ட தேவநாகரி எழுத்துக்கள் இடம்பெற்றன. மும்பையில் அலுவலகப் படிவங்களில் தமிழ்ப்பெயர்களை எழுதக் கண்டவர்கள், அந்தப் புள்ளியிட்ட ழகரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். மராத்தி ளகரமோ லகரமோதான் வரும். கணிப்பொறியில் பிழையின்றித் தோன்றக்கூடிய எழுத்தை யாரும் அழைப்பதில்லை.

இஸ்கி அரசு அலுவலகங்களுக்கு வெளியே பரவுமுன் சந்தையை எழுத்துருக்கள் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துக்களின் எண்களில் தமிழ் வடிவங்களை வைத்துத் தனக்கெனத் தனி எழுத்துருவைச் செய்தது. கணிப்பொறி ஆங்கில எழுத்து என்று கருதிக்கொண்டிருக்கும். கண் தமிழைக் காணும். செம்பூரில் வாழும் நண்பர் ஒருவர் மராத்திச் சிறுகதைகளைத் தமிழாக்கி, அக்காலத்துப் பிளாப்பி வட்டுகளில் சேர்த்து வைத்திருந்தார். அண்மையில் அவற்றைத் திறந்தபோது திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வடிவமும் தோன்றாமற் போகவில்லை; எல்லாம் வேறொன்றாய்த் தோன்றின. எழுத்துருவின் பெயர் கோப்பிலேயே பதிந்திருந்ததால் மாற்றிச் செயலி ஒன்றைத் தேடிப் பெரும்பகுதியை மீட்டோம். எஞ்சியவை அரிய வடிவங்கள். ஙு, ஞூ போன்றவை பல எழுத்துருக்களில் இல்லவே இல்லை. சில எழுத்துருக்களில் நிறுவனம் தன் விருப்பப்படி வைத்த இடத்தில் இருந்தன, மாற்றிச் செயலி அவற்றை அறியவில்லை.

256 இடங்களில் பாதி ஆங்கிலத்துக்குப் போக எஞ்சியதில் தமிழை அடைப்பது எவ்வளவு இடுக்கண் என்பதற்கு இகரமே சான்று. இணையத்தில் தமிழ் பரவிய காலத்தில் அறிஞர் பலர் கூடி வகுத்த டிஸ்கி முறையில் இகரம் 173ஆம் இடத்தில் இருந்தது. பிற மென்பொருள்கள் அவ்விடத்தை, வரி முடிவில் மட்டும் தோன்றும் இணைப்புக்கோடாகக் கருதின. எனவே சில செயலிகளில் இகரம் இருந்தும் மறைந்தது. பிறகு 254ஆம் இடமும் அதற்கு ஒதுக்கப்பட்டது. இகரம் அரிய எழுத்தன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் இரு குறிமுறைகளைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும், அதனோடு எல்லா உயிர்மெய்களுக்கும் தனியிடம் தரும் 'டேஸ்' 16 நுண்மி முறையையும் தரமாக அறிவித்தது. டேஸ் முறை இருப்பது தனிப்பயன் பகுதியில், ஆங்காங்கைப் போலவே.

இக்காலத்தில் பரவிய ஒரு வழக்கத்தை மொழிபெயர்ப்பாளர் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் எண்கள் பல எழுத்துருக்களில் இல்லாமையால், ௧ என்பதற்குக் ககரத்தையும், ௨ என்பதற்கு உகரத்தையும், ௭ என்பதற்கு எகரத்தையும், ௮ என்பதற்கு அகரத்தையும் தட்டெழுதினர். வரலாற்று நோக்கில் உறவுடைய வடிவங்கள்தாம். தாளில் எவருக்கும் ஐயம் எழாது. அந்நூல்கள் இன்று மின்வடிவில் தேடப்படுகின்றன. பாட்டெண்ணும் பக்க எண்ணும் எண்களாக அல்லாமல் உயிரெழுத்துக்களாகவும் மெய்யேறிய எழுத்துக்களாகவும் சொல்லடைவில் வந்து நிற்கின்றன. பத்திரத்து வகரம் தனித்த விபத்தன்று.

5. ஒருங்குறியும் ஸ்ரீயும்

யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991இல் இஸ்கியின் சட்டகத்தையே பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதியை ஒதுக்கியது. வெற்றிடங்களும் அப்படியே வந்தன. அன்றாடப் பயனர் கையில் இது எட்டியது விண்டோஸ் 2000இன் வழியே. அதில் இந்திக்கு 'மங்கள்', தமிழுக்கு 'லதா' என்னும் எழுத்துருக்கள் இருந்தன. மங்களை வடித்த ரகுநாத் கி. ஜோஷி மும்பைக்காரர்; போவாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பின் ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திலும் பணியாற்றி 2008இல் மறைந்தார். எழுத்துக்கலையைத் தூரிகையில் கற்றவர் ஒருவர் இத்துறையில் இருந்தது நமக்கு வாய்த்த நற்பேறு.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி ஒரே நாளில் நிறைவுபெறவில்லை. தொடக்கத்திலேயே ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களும் ௰, ௱, ௲ ஆகியவையும் இருந்தன. சுழியம் 2005இல் வந்தது. நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றின் குறிகளாகிய ௳, ௴, ௵ 2003இல் சேர்ந்தன. மாதுங்காவில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் எவரும் இம்மூன்றையும் அறிவர். 'நிகழும்' என்று தொடங்கும் வரியில் ஆண்டுப் பெயருக்கும் மாதப் பெயருக்கும் பின்னே இவை வரும். குறிகளுக்கு இடம் கிடைத்தபின்னும் என் கைக்கு வந்த அழைப்பிதழ் ஒன்றில் அவ்வரியில் மூன்று பெட்டிகள் இருந்தன. எழுத்துரு பழையது. அடுத்த அழைப்பிதழில் அதே அச்சகத்தார் 'வருடம், மாதம், தேதி' என்று சொல்லாகவே அச்சிட்டிருந்தார். அது நல்ல தீர்வு. பொருள் கெடவில்லை.

2005ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொரு சேர்க்கை ஶ என்னும் கிரந்த எழுத்து. வகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடையே காலியாக இருந்த இடத்தில் இது அமர்ந்தது. அதுவரை ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தோடு புள்ளியும் ரீகாரமும் சேர்த்தே உண்டாக்கி வந்தனர். ஒலிமூலம் ஶகரமே ஆதலால் 2005க்குப் பின் ஶகரத்தை முதலாகக் கொண்டு உண்டாக்குவதே முறை என்றாயிற்று. எழுத்துருக்கள் இரண்டு வரிசைகளையும் ஏற்று ஒரே வடிவத்தை வரைகின்றன. கண்ணால் வேறுபடுத்தவே இயலாது.

இதன் விளைவை மாதுங்காவில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை ஒழுங்குசெய்தபோது கண்டேன். ஸ்ரீநிவாசன்களும் ஸ்ரீதரன்களும் ஸ்ரீவித்யாக்களும் மிகுந்த ஊர் அது. அகரவரிசைப்படுத்தினால் ஸ்ரீநிவாசன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் நின்றனர். ஒரே உறுப்பினர் இருமுறை பதிவாகி, இருமுறை சந்தா கேட்கப்பட்டிருந்தார். இதற்குச் செயலியைக் குறை கூறிப் பயனில்லை. அதற்கு அவை இரண்டு பெயர்கள். தேடுமுன் ஒரு வரிசையை மற்றொன்றாக மாற்றிக்கொள்வதே வழி. ஒருங்குறியின் சமன்விதிகள் இதைத் தாமாகச் செய்யா. கொ என்பதன் இரண்டு கூறுகளைத் தனித்தனியே தட்டெழுதினாலும் சேர்த்துத் தட்டெழுதினாலும் ஒன்றே என்பதை அவ்விதிகள் அறியும். இரண்டு ஸ்ரீக்களும் ஒன்று என்பதை அறியா. கௌ என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் இட்டுக் 'கெள' என்று எழுதுவதும் இவ்வகையே. மெய்ப்புத் திருத்துபவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இன்னும் நுண்ணிய சிக்கல் ஒன்று சுவடிப் பதிப்பாளருக்கு உண்டு. வீரமாமுனிவர் திருத்தத்துக்கு முந்தைய மரபில் குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும். அதனைக் காட்ட எகரத்தின் மேல் புள்ளியைத் தட்டெழுதினால், பல மென்பொருள்கள் உயிரெழுத்துக்குப் புள்ளி வராது என்னும் இன்றைய விதியைக் கொண்டு, இடையே ஒரு புள்ளிவட்டத்தை வரைந்துவிடுகின்றன. இரண்டு எழுத்துக்களும் குறிமுறையில் உண்டு, எழுத்துருவிலும் உண்டு. அவற்றைச் சேர்த்து வரையும் விதியில்தான் தடை. தொல்காப்பியம் சொன்ன புள்ளியை மென்பொருள் பிழை என்கிறது.

6. 2019க்குப் பின்

பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் இடம் வேண்டி ஸ்ரீரமண சர்மா விரிவான சான்றுகளோடு முன்மொழிவுகளைச் சமர்ப்பித்தார். (இப்பெயரையும் இரண்டு வகையாகத் தட்டெழுதலாம்.) நெடிய ஆய்வுக்குப்பின் 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12ஆம் பதிப்பில் 'தமிழ்த் துணைப்பகுதி' என்னும் பெயரில் 51 குறிகள் சேர்ந்தன. 'கால்' குறிக்கு முதன்முதலாக உலகப் பொது எண் கிடைத்தது அப்போதுதான்.

ஆனால் துணைப்பகுதி அமைந்த இடம் கருதத்தக்கது. ஒருங்குறியின் முதல் 65,536 இடங்கள் அடிப்படைத் தளம் எனப்படும். தமிழ் நெடுங்கணக்கு அங்கே இருக்கிறது. பின்னக் குறிகள் அதற்கு வெளியே உள்ளன. 2001இல் சேர்க்கப்பட்ட 42,711 அரிய சீன எழுத்துக்களும் அடிப்படைத் தளத்துக்கு வெளியேதான் குடியமர்ந்தன. ஆகவே சீனப் பெயர் ஒன்று தோன்றாமைக்கும் நம் கால் குறி தோன்றாமைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பல மென்பொருள்கள் அடிப்படைத் தளத்தையே ஒருங்குறி முழுவதும் என்று கருதி எழுதப்பட்டவை. பரவலாகப் பயன்படும் மை எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப் 8' என்று பெயரிட்ட அமைப்பே ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. வெளித்தள எழுத்துக்கு நான்கு பைட்டு வேண்டும். நான்கு பைட்டு ஏற்கும் அமைப்பு 2010இல் தனிப்பெயரோடு வந்தது. பழைய தரவுத்தளங்கள் பழைய அமைப்பிலேயே தொடர்ந்தன. இந்நிலை ஓரளவு மாறியதற்குக் காரணம் புலமையன்று. முகக்குறிப் படங்களும் வெளித்தளத்தில் இருப்பதால், அவற்றைக் கைப்பேசியில் அனுப்ப விரும்பிய கோடிக்கணக்கானோர் பொருட்டு நிறுவனங்கள் கதவைத் திறந்தன. அக்கதவு வழியே முந்திரியும் மாகாணியும் நுழைந்தன.

சீன அரசு வேறு முறையைக் கையாண்டது. பெயரில் அரிய எழுத்து உடையவர்கள் வங்கியிலும் அலுவலகத்திலும் படும் இடர் கருதி, 87,887 சீன எழுத்துக்களைக் கொண்ட 2022ஆம் ஆண்டுத் தரத்தை 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைப்படுத்திற்று.

தாராவிப் பத்திரத்துக்குத் திரும்புவோம். மொழிபெயர்ப்பைத் திருத்தியபின், மூலத்தின் எழுத்துப்பெயர்ப்பு ஒன்றையும் முறையாக உருவாக்க எண்ணினேன். துணைப்பகுதிக் குறிகளைக் கொண்ட 'நோட்டோ' எழுத்துரு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவியபின் கால் குறி என் திரையில் தோன்றிற்று. அண்டைப் பொறியில் பெட்டி. பிடிஎஃப் கோப்பாக மாற்றி, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்தபின் அங்கும் தோன்றிற்று. ஆவணத் தொகுப்பு ஒன்றின் தரவுத்தளத்தில் பனுவலாக ஏற்றியபோது, குறி இருந்த இடத்தில் வினாக்குறிகள் நின்றன. இவ்விடத்தில் பெட்டிக்கும் வினாக்குறிக்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் அறிதல் வேண்டும். பெட்டி என்றால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. வரைய உருவம் இல்லை. எழுத்துருவை மாற்றினால் மீளும். சேமித்தபின் வரும் வினாக்குறி பெரும்பாலும் எழுத்து அழிந்ததற்கு அடையாளம். எந்த எழுத்துருவாலும் மீட்க இயலாது. புள்ளிவட்டம் வந்தால் எழுத்தும் உருவமும் உண்டு, சேர்க்கை விதி மறுக்கிறது. ஆங்கிலக் குவியல் வந்தால் பழைய எழுத்துருவின் பெயரை முதலில் தேடவேண்டும். கோப்பைத் திறந்து மீண்டும் சேமித்துவிடலாகாது.

இறுதியில் நான் மேற்கொண்ட முறை இதுதான். பனுவலில் கால் குறியை அதன் முறையான எண்ணோடு இட்டு, பக்கத்தில் பகர அடைப்புக்குள் 'கால்' என்று சொல்லாலும் எழுதினேன். குறி அழிந்தாலும் சொல் நிற்கும். சொல் ஐயம் தந்தால் மூலத்தின் படம் கோப்பில் உண்டு. இக்கட்டுரையில் துணைப்பகுதிக் குறிகள் ஒன்றையும் வரையாமல் பெயரால் மட்டும் சுட்டியதும் இக்காரணம் பற்றியே. இவ்விதழ் எந்தத் திரையில் திறக்கப்படும் என்பது எனக்குத் தெரியாது.

பத்திரத்தின் கடைசி வரியில் இன்னொரு குறி இருக்கிறது. 'வகையறா'வின் சுருக்கம் போல் தொடங்கி, வலப்பக்கம் மேல்நோக்கிச் சுழித்து முடிகிறது. 51 குறிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எதனோடும் முழுதும் பொருந்தவில்லை. எழுதியவரின் கைப்பழக்கமாகவும் இருக்கலாம், பெயரறியாத அளவையாகவும் இருக்கலாம். மூதாட்டியிடம் காட்டினேன். தம் மாமனாருக்குத் தெரிந்திருக்கும் என்றார். அவ்விடத்தில் அண்மை உருவம் எதனையும் இடாமல், மூலத்திலிருந்து வெட்டியெடுத்த படத்தை வரியின் நடுவே வைத்து, ஆங்கிலத்தில் 'படிக்க இயலாத குறி' என்று பெயர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.